"ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது?" – நீதி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ நீதி அமைச்சர் அவர்களுக்கு,
பிரதி: நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் அவர்களுக்கு

வணக்கம்.

நான் வடக்கில் நன்னடத்தை உத்தியோகத்தராக இருபத்தெட்டு வருடம் வேலை செய்து இளைப்பாறியவள். பிள்ளைகளைப் பற்றி நீதவானுக்குச் சமூக அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். குடும்ப நிலை, படிப்பு, நடத்தை, சகவாசம், சிபாரிசு என்று அச்சடித்த தலைப்புகளுக்குக் கீழே எழுதி எழுதியே காலம் போனது. அந்தத் தலைப்புகளுக்குள் அடங்காத ஒன்றை இன்று எழுதுகிறேன். அதனால் கொஞ்சம் முன்பின்னாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் இரண்டு சட்டங்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று, சிறுவர்கள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். மற்றது, பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். நாற்பது வருட இடைவெளியில் ஒரே இலக்கம். அரசியல் காரணத்துக்காகச் சட்டத்தை மீறிய பிள்ளை ஒன்று அகப்பட்டால் அதன் கோப்பு இந்த இரண்டில் எதற்குள் போகும் என்பதை வயது தீர்மானிக்க வேண்டும். நான் கண்ட அளவில் அதைத் தீர்மானித்தது பெரும்பாலும் வயது அல்ல, அது ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்பதுதான்.

பொலிஸ் நிலையத்தில் விசாரணை நடக்கும்போது பக்கத்து வாங்கில் குந்தியிருந்து கேட்டிருக்கிறேன். பையனிடம், "என்ன செய்தனி? உன்னோடை ஆர் ஆர் நிண்டது?" என்று கேட்பார்கள். பெண்பிள்ளையிடம், "ஆர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனது?" என்று கேட்பார்கள். முதல் கேள்வியில் அவன் ஒரு வேலையைச் செய்தவன். இரண்டாவது கேள்வியில் அவள் யாரோ கொண்டுபோய் வைத்த பொருள். சிங்களத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் இந்த வித்தியாசம் மாறியதில்லை. கேட்பது பெண் பொலிஸ் ஆனாலும் மாறியதில்லை. கேட்பது தாய் என்றாலும்தான்.

இது எனக்குப் புத்தகத்தில் வந்த அறிவு அல்ல. 1987இல் நான் வடமராட்சியில் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத் தொடக்கத்திலிருந்து குடாநாட்டுக்கு எரிபொருள் தடை. அரிக்கன் லாம்புக்கு விடுகிற மண்ணெண்ணெயை அம்மா கரண்டியால் அளப்பா. அந்த வெளிச்சத்தில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து, தும்பைக் குச்சியில் கட்டிச் செய்த தூரிகையால், சிவப்பு மையில் சுவரொட்டி எழுதுவேன். என் கையெழுத்து அழகு என்று பள்ளிக்கூடத்தில் பெயர். வாசகங்களைக்கூட நான்தான் திருத்துவேன். வந்து சேருகிற வாசகங்களில் சந்திப் பிழை இருக்கும், எனக்குப் பொறுக்காது. என்னைவிட ஒரு வயது மூத்த அண்ணா கோதுமை மாப் பசை வாளியோடு சைக்கிளில் போய் ஒட்டிவிட்டு வருவான். அவனுக்கு அரசியல் பெரிதாக ஏறியதில்லை. உண்மையைச் சொன்னால், இரவில் சைக்கிள் ஓடுவதற்கு அது ஒரு சாட்டு.

மே 26ஆம் தேதி இராணுவம் வடமராட்சிக்குள் இறங்கியது. கோயில்களுக்குப் போய் இருங்கள் என்றார்கள், சனம் போனது. அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் அப்படி ஒதுங்கியிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து பலர் செத்தார்கள். அதற்குப் பிறகு பையன்களைப் பிரித்தார்கள். யார் என்ன செய்தவன் என்று பார்க்கவில்லை. மீசை அரும்பியிருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் லொறிகளில் ஏற்றி, காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் காலிக்குக் கொண்டுபோய், பூசா முகாமில் அடைத்தார்கள். எங்கள் அண்ணாவும் அதில் போனான். என்னைப் பார்த்த சிப்பாய்க்கு என் வலது கைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் இருந்த சிவப்பு மை தெரிந்திருக்கும். மருதோன்றி என்று நினைத்தானோ என்னவோ.

ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்ததால் அண்ணா உயிரோடு வீடு திரும்பினான். திரும்பியவன் நெடுநாள் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் சாப்பிட்டான். என் எழுத்துக்கு அவன் முதுகு. இதை நான் அவனிடம் சொல்ல முப்பது வருடம் எடுத்தது. அம்மா தூரிகையை அடுப்பில் வைத்துவிட்டு என்னிடம் ஒரு சொல் மட்டும் சொன்னா: "அவன் உன்னைக் கெடுத்துப்போட்டான்." நான் மறுக்கவில்லை.

கௌரவ அமைச்சர் அவர்களே, இந்தத் தீவில் இளவயதில் அரசியலுக்காகச் சட்டத்தை மீறியவர்களின் கதையை எல்லோரும் ஆண்பிள்ளைகளின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்ப் பக்கத்தில் 1970களை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல், 1972 அரசியலமைப்பு, அதை எதிர்த்த கறுப்புக் கொடி, கைதான நாற்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், 1974இல் சயனைட் அருந்திச் செத்த பொன் சிவகுமாரன், 1975இல் பொன்னாலையில் சுடப்பட்ட மேயர் துரையப்பா. எல்லாம் "பொடியள்". அந்தச் சொல்லே ஆண்பால்தான். தரப்படுத்தல் பெண்பிள்ளைகளின் புள்ளிகளையும்தான் வெட்டியது. ஆனால் அதற்காக எந்தப் பெண்பிள்ளையும் குண்டு எறியவில்லை. ஏன்? கோபம் இல்லாமலா? ஆறு மணிக்குப் பிறகு படலை தாண்ட விடவில்லை, அவ்வளவுதான். பையன் இரவு பத்து மணிக்கு வந்தால் "எங்கை போனனி?" என்ற ஒரு கேள்வியோடு சோறு கிடைக்கும். பெண்பிள்ளை ஏழு மணிக்கு வந்தால் ஊரே நாக்கு நீட்டும். பெண்பிள்ளைகள் குற்றத்தில் குறைவு என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்கள், அந்தப் படலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

படலை திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் நாங்கள் பார்த்தோம். 1980களின் முற்பகுதியிலேயே பல இயக்கங்களில் பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். முதலில் துண்டுப் பிரசுரம், தகவல், மருந்து, ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் மாணவிகளும் இருந்தார்கள். அவர்களைப் புலிகள் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குப் போனார்கள். பட்டினி கிடந்து சாவதா இல்லையா என்ற முடிவைக்கூட அந்தப் பெண்பிள்ளைகளிடம் விடவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதில் ஒரு மாணவி பின்னர் யாரைக் கலியாணம் முடித்தார் என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் எதற்காகப் பட்டினி இருந்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1985இல் புலிகள் பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி தொடங்கினார்கள். 1987 அக்டோபர் 10இல் கோப்பாயில் இந்தியப் படையோடு நடந்த சண்டையில் மாலதி செத்தார். களத்தில் விழுந்த முதல் பெண் புலி. அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் வன்முறைக்கு ஒத்துவராதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாமல் போனது. அப்போது வேறு ஒன்று சொன்னார்கள்: மூளைச்சலவை. அதே வயதுப் பையன் போனால் இன உணர்வு, பெண்பிள்ளை போனால் மூளைச்சலவை.

தெற்கிலும் இதே கதைதான், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரசாங்கத்தின் முதுகெலும்பாக இருக்கிற ஜே.வி.பி.யே (மக்கள் விடுதலை முன்னணி) 1971 ஏப்ரலில் துப்பாக்கி தூக்கிய இளைஞர்களின் கட்சி. அந்தக் கிளர்ச்சியில் சந்தேகத்தில் பிடிபட்ட ஏறத்தாழ 10,000 பேரின் பின்னணியை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர ஆராய்ந்தார். பெரும்பாலும் கிராமத்துச் சிங்களப் பௌத்த இளைஞர்கள், படித்தும் வேலை கிடைக்காதவர்கள். அந்த 1971இல் நாடு மறக்காத பெண்பெயர் ஒன்றுதான்: கதிர்காமத்துப் பிரேமவதி மனம்பெரி. புத்தாண்டு அழகிப் போட்டியில் முடி சூடிய 22 வயதுப் பெண். கிளர்ச்சிக்காரர்களோடு தொடர்பு என்று பிடித்த இராணுவத்தினர் அவரை நிர்வாணமாகத் தெருவில் நடத்திச் சுட்டார்கள். சந்தேகத்தில் பிடித்த பையன்களையும் சுட்டார்கள். ஆனால் அவர்களைச் சுடுவதற்கு முன் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஜே.வி.பி.யில் எதை நம்பினார், நம்பினாரா என்பதே இன்றுவரை யாருக்கும் அக்கறையில்லாத விஷயம். அழகிப் பட்டம் மட்டும் எல்லோருக்கும் நினைவு.

1989-90இல் எம்பிலிப்பிட்டியவில் காணாமற்போன பள்ளி மாணவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதல் கடிதம் ஒன்றைப் பற்றிய பள்ளிக்கூடச் சண்டை அதிபரின் மகன் வழியாக இராணுவ முகாமுக்குப் போய், பையன்கள் ஜே.வி.பி. என்று கொண்டுபோகப்பட்டு, திரும்பவில்லை. 1999இல் அதிபரும் இராணுவத்தினரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த நாட்களில் பதினாறு, பதினேழு வயதில் ஆண்பிள்ளையாக இருப்பதே ஒரு குற்றச்சாட்டு. பிந்துனுவேவையும் அப்படித்தான். பண்டாரவளைக்குப் பக்கத்தில் "புனர்வாழ்வு" என்ற பெயரில் வைத்திருந்த தமிழ்ப் பையன்களை 2000 அக்டோபர் 25 அன்று ஊர்க்கூட்டம் சூழ்ந்து வெட்டியும் எரித்தும் கொன்றது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள். பொலிஸ் அங்கேதான் நின்றது. கடைசியில் 2005இல் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை.

ஆக, நான் சொல்வதைப் பெண்களுக்கு மட்டுமான முறைப்பாடாக எடுக்க வேண்டாம். ஆண்பிள்ளையை அவன் செய்யாததற்கும் சேர்த்துத் தண்டிக்கிறோம். பெண்பிள்ளையை அவள் செய்ததற்கு அல்லாமல், பெண்ணாக இருந்துகொண்டு அதைச் செய்ததற்குத் தண்டிக்கிறோம். இரண்டுமே ஒரு கேள்வியைத் தவிர்க்கிற வழிகள்: பிள்ளை, நீ ஏன் செய்தாய்?

வன்னியில் கடைசி வருடங்கள் பற்றி எழுதுவது கஷ்டம். ஆனால் முடி பற்றி மட்டும் எழுதுகிறேன். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் பிடித்துக்கொண்டு போன காலத்தில், பெண்பிள்ளைகளைக் கொண்டுபோன உடனே இயக்கம் செய்கிற முதல் வேலை முடியைக் கட்டையாக வெட்டுவது. தப்பி ஓடினால் ஊருக்குள் அடையாளம் தெரியும். பதினைந்து வயதில் அவசரமாகத் தாலி கட்டி வைத்த வீடுகள் உண்டு, பங்கருக்குள் மறைத்து வைத்த வீடுகள் உண்டு. தாலியும் பங்கரும் எல்லோரையும் காப்பாற்றவில்லை. பிறகு 2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அதே கட்டை முடியை வைத்து இராணுவம் அவர்களைப் பிரித்தெடுத்தது. தானாகப் போனவளா, பிடிபட்டுப் போனவளா, இரண்டு வருடமா, இரண்டு கிழமையா என்று முடி சொல்லாது. என்னிடம் வந்த ஒரு பிள்ளை, முடி தோள் தொடும்வரை தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். வேர்த்து ஒழுகும், கழற்றமாட்டாள். "குளிச்சனீயா?" என்று யாரும் கேட்க வேண்டும் என்பதற்காக என்று தாய் சொன்னா. குளித்தவளுக்குத்தானே துவாய்.

புனர்வாழ்வில் என்ன நடந்தது? முன்னாள் புலிகள் என்று ஏறத்தாழ 12,000 பேர் முகாம்களுக்குள் போய் வந்தார்கள். அவர்களில் 594 பேர் பிள்ளைகள். ஒரு நல்லதை ஒத்துக்கொள்கிறேன்: அந்தப் பிள்ளைகள் மேல் வழக்குப் போடவில்லை, இரத்மலானை இந்துக் கல்லூரியில் இருத்திப் படிக்க வைத்தார்கள். அப்படிப் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பயிற்சி என்று வந்தபோது பையன்களுக்கு மேசன் வேலை, தச்சு, மின் இணைப்பு. பெண்களுக்குத் தையல், அழகுக்கலை. தொலைத்தொடர்புக் கருவியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெண்ணின் கையில் புருவம் திருத்துகிற நூலைக் கொடுத்தோம். 2010 ஜூனில் வவுனியா பூந்தோட்டத்தில் 53 சோடிகளுக்கு ஒரே மேடையில் கலியாணம் நடந்தது. இந்தி நடிகர் ஒருவர்கூட வந்து வாழ்த்தினார். அவர்களில் பலர் சந்தோஷமாக இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் ஒரு பெண் திருந்திவிட்டாள் என்பதற்கு நாங்கள் ஏற்றுக்கொள்கிற அத்தாட்சி தாலிதான் என்பதை அந்த மேடை ஒளிக்காமல் சொன்னது.

இனி என் சொந்தக் குற்றம்.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஆண்டும் ஊரும் சொல்லமாட்டேன், ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வயது நிரம்பிய ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும் விசாரிக்கப்பட்டார்கள். புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டி முகநூலில் ஒரு பதிவு. 1939 சட்டத்தின்படி அப்போது 14 வயதுவரை சிறுவர், 16 வயதுவரை இளம் ஆள். அதற்கு மேலே போனால் சட்டத்தின் கண்ணுக்குப் பெரியவர். ஆக இரண்டு பேருமே பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எட்டுகிற தூரத்தில். அந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவருக்கு முன்னால் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகும். பிள்ளைகளுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. பையனைக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் கொண்டுபோனார்கள். பல மாதம் கழித்து வந்தான். படிப்பு அதோடு சரி. பெண்பிள்ளையைத் தாயோடு அனுப்பி, எச்சரிக்கை செய்து, தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னர் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பிப் பரிசோதித்தார்கள். ஒரு முகநூல் பதிவுக்கும் அந்தப் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் அவளோடு கதைத்தேன். தாய் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போன நேரம், அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "மிஸ், அதை எழுதினது நான். அவன் சும்மா ஷெயார் பண்ணினவன்."

எனக்கு விரலில் மை ஊறினது போல இருந்தது. அலுவலகம் வந்து அறிக்கையை எழுதினேன். "பிள்ளை கூடாத சகவாசத்தால் வழிதவறியுள்ளார். காதல் தொடர்பு இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. தாயாரின் கண்டிப்பான மேற்பார்வை போதுமானது." அந்தச் சொற்கள் எல்லாம் தயாராக இருந்தன. கூடாத சகவாசம், ஒழுக்க ஆபத்து, கட்டுக்கடங்காமை: 1939 சட்டமே எனக்கு அவற்றைப் பந்தியில் பரிமாறி வைத்திருந்தது. உண்மையை எழுதியிருந்தால் அவளையும் கொண்டுபோயிருப்பார்கள். பொய்யை எழுதியதால் அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் அவளுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். என் அறிக்கையில் இருந்த அந்தக் "காதல் தொடர்பு" எப்படியோ வீட்டுக்குத் தெரிந்திருந்தது. பையனின் வழக்கில் அவள் சொன்னது ஒரு வரி உதவியிருக்கும். அந்த வரி என்னோடு நின்றுவிட்டது.

இதை வாசிக்கிற யாரும், "அப்ப என்ன, பொம்பிளைப் பிள்ளையளையும் பூசாவுக்கு அனுப்பச் சொல்லுறியோ?" என்று கேட்கலாம். இல்லை. எந்தப் பிள்ளையையும் அங்கே அனுப்பாதீர்கள் என்கிறேன். பெண்பிள்ளைக்குக் கிடைக்கிற அந்த இரக்கத்தில் அவமானம் கலந்திருக்கிறது, அதை வடித்தெடுத்துவிட்டு மிஞ்சுகிறதைப் பையனுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

அந்த இரக்கமும்கூட நிலையானது அல்ல. 2024 மே மாதம் சம்பூரில் 2009 போரின் கடைசி நாட்களில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பரிமாறியதற்காக 3 பெண்களையும் 1 ஆணையும் கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்கள். அதில் ஒருவர் பல்கலைக்கழக மாணவி. இரவில் பெண்களை இழுத்துக்கொண்டு போகிற காணொளியை நாடே பார்த்தது. அரிசியும் தண்ணீரும் உப்பும். பெண்கள் அடுப்படியில் செய்கிற வேலை அரசியலாகாது என்று நினைத்தவர்களுக்கு அது ஆகும் என்று தெரிந்தவுடன் இரக்கம் போய்விட்டது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், ஒன்றே ஒன்று. 2005இல் இஸ்ரேல் காசாவில் இருந்த தன் குடியேற்றங்களை அகற்றியபோது அதை எதிர்த்து வீதி மறித்துக் கைதானவர்களில் பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் பலர். சிலர் பெயரைச் சொல்லவே மறுத்து, வாரக்கணக்கில் மறியலில் இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போனவர் என்று யாரையும் காட்ட முடியாத பிடிவாதம். 2010இல் அந்த நாட்டு நாடாளுமன்றம், அந்த எதிர்ப்பில் ஈடுபட்டவர்களில் பலரின் வழக்குகளை நிறுத்தவும் பதிவுகளை அழிக்கவும் தனிச் சட்டமே இயற்றியது. அதே ஆட்சியின் கீழ் 2017 டிசம்பரில் படைவீரரை அறைந்த 16 வயதுப் பாலஸ்தீனப் பெண்பிள்ளை அஹெட் தமீமி இராணுவ நீதிமன்றத்துக்குப் போய் 8 மாதத் தண்டனை பெற்றார். ஆக, பிள்ளை அரசியலுக்காகச் செய்த மீறலை அழித்துவிட ஒரு அரசுக்கு வழி தெரியும். யாருடைய பிள்ளை என்பதில்தான் சிக்கல். அந்த வழியை எல்லோருடைய பிள்ளைக்கும் திறக்கிற நாடாக நாங்கள் இருந்தால் என்ன?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று தேர்தலில் சொன்னவர்கள் நீங்கள். 2018இலும் 2023இலும் வந்த மாற்றுச் சட்டமூலங்களையும் பார்த்தோம். பெயர் மாறும், பூட்டு மாறாது. எந்தப் பெயரில் எது வந்தாலும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவர்மீதும் அது செல்லாது என்று முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இந்த நாடு 1991இலேயே சேர்ந்துவிட்டது. அதில் பிள்ளை என்றால் 18 வயதுக்குக் கீழே. குற்றப் பொறுப்பு வயதை 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்த உங்களுக்கு முன் இருந்தவர்களால் முடிந்தது. 16க்கும் 18க்கும் நடுவில் உள்ள பிள்ளைகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குள் விழுகிற அந்தக் கிடங்கை மூட உங்களால் முடியும். எங்கள் தீவில் அரசியல் மீறல்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான் தொடங்குகின்றன. ஏ.எல். படிக்கிற வயது.

ஒழுக்க ஆபத்து என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். என் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பையனின் கோப்பில்கூட அந்தச் சொல்லை நான் எழுதியதில்லை. பாலியல் குற்றம் எதுவும் முறையிடப்படாத வழக்கில் பெண்பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்புவதைத் தடை செய்யுங்கள். சுற்றறிக்கையால் அல்ல, சட்டத்தால். சுற்றறிக்கைகள் எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

ஆணையாளர் அவர்களே, இது உங்களுக்கு. சமூக அறிக்கைப் படிவத்தில் ஒரு தலைப்பைச் சேருங்கள்: "பிள்ளை சொல்லும் காரணம்". நான்கைந்து வரிக்கு இடம் விடுங்கள். அதில் எழுதப்படுவது எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாகாது என்று அடியில் அச்சடியுங்கள். அது இல்லாமல் எந்த உத்தியோகத்தரும் உண்மையை எழுதமாட்டார், நான் எழுதவில்லை. பையனையும் பெண்பிள்ளையையும் ஒரே கேள்வி கேளுங்கள். பையன் சொல்கிற பதிலில் சில சமயம் அரசியலே இருக்காது, சைக்கிள் இருக்கும். பெண்பிள்ளையின் பதிலில் நீங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு அரசியல் இருக்கும். காணி, காணாமற்போன மாமா, பெயர்ப்பலகையில் மொழி, வீட்டுக்குள் வந்த சப்பாத்து. கேட்டால்தானே தெரியும்.

18 வயது முடிகிற நாளில் இந்த வகைக் கோப்புகள் எரிக்கப்பட வேண்டும். பையனுக்கு அது பொலிஸ் அறிக்கை கேட்கிற வேலைக்குக் குறுக்கே நிற்கிறது, வெளிநாட்டு விசாவுக்குக் குறுக்கே நிற்கிறது. பெண்பிள்ளையின் கோப்புக்கு அலுவலகமே தேவையில்லை. ஊரின் வாயில் இருக்கிறது. அதை எரிக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். கடதாசியையாவது எரியுங்கள்.

இந்த மடலை அனுப்புவதற்கு முன், மேலே சொன்ன அந்தப் பெண்பிள்ளைக்கு வாசிக்கக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளைப் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசித்தாள். பெயர், ஊர் இல்லாததில் அவளுக்குத் திருப்தி. ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள்.

"நான் அழுததெண்டு எழுதியிருக்கிறீங்கள் மிஸ். நான் அழேல்லை. குசினிக்குள்ளை அம்மாதான் அழுதவ."

மேலே அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இளைப்பாறிய நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர்,
வடமராட்சி